பண்புசார் ஆய்வு: கேள்வி எழுதுவதிலிருந்து அறிக்கை வரை, வரிசை மாறாமல்

ஒவ்வோர் ஆண்டும் ப்ராஜெக்ட் ஒப்படைக்க ஒரு மாதம் இருக்கும்போது யாராவது ஒரு மாணவர் போனை நீட்டுவார். உள்ளே 18 ஒலிப்பதிவுகள் இருக்கும். ஒன்றுகூட எழுத்தில் இருக்காது. "டேட்டா எல்லாம் எடுத்துட்டேன், இனி அனாலிசிஸ் மட்டும்தான் பாக்கி" என்பார். அந்த "மட்டும்தான்" என்னைப் பயமுறுத்தும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் களப்பணிக்கு வரும் சமூகப்பணி, சமூகவியல், செவிலியர் படிப்பு மாணவர்களோடு துணைக்குப் போய்வருகிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திறமைக் குறைவால் இல்லை. எதை முதலில் செய்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாததால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்கே முதலிடம்.

ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் பெண்கள் தடைக்காலத்தை எப்படிக் கடக்கிறார்கள்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகுக்காரருக்கு அது ஓய்வுக்காலம். கூடைக்காரருக்கு வேறு கதை. இங்கே வரும் பேச்சு மாதிரிகள் கற்றுக்கொடுக்க நானே எழுதியவை, யாருடைய பதிவும் அல்ல.

1. இது பண்புசார் ஆய்வுக்கான கேள்விதானா?

முதல் வேலை, உங்கள் கேள்வியைச் சோதிப்பது. "எத்தனை பேர்", "எவ்வளவு", "எத்தனை சதவீதம்" என்று பதில் வர வேண்டுமானால் அது அளவுசார் ஆய்வு. அதற்குக் கணக்கெடுப்புப் படிவம், பெரிய மாதிரி, புள்ளியியல் வேண்டும். "எப்படி", "ஏன் அப்படி", "அவர்களுக்கு அது என்னவாகப் படுகிறது" என்று பதில் வர வேண்டுமானால் பண்புசார் ஆய்வு.

"தடைக்காலத்தில் மீன் விற்கும் பெண்களின் வருமானம் எவ்வளவு குறைகிறது?" என்பது எண் கேட்கும் கேள்வி. பத்துப் பேரிடம் பேசி அதற்குப் பதில் சொல்ல முடியாது. "வருமானம் குறையும் அந்த 61 நாளில் வீட்டுச் செலவை எப்படி ஓட்டுகிறார்கள், எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?" என்பது நம் கேள்வி.

தலைப்பில் "தாக்கம்" என்ற சொல் வந்தால் சந்தேகப்படுங்கள். மாணவர் தலைப்புகளில் பாதியில் அது உட்கார்ந்திருக்கும். ஒன்றினால் இன்னொன்று இவ்வளவு மாறியது என்று நிறுவும் பொறுப்பை அந்தச் சொல் உங்கள் தலையில் ஏற்றிவிடும். அதை எடுத்துவிட்டு "அனுபவம்", "சமாளிக்கும் வழிகள்", "முடிவெடுக்கும் விதம்" என்று எழுதினால் உங்களால் செய்யக்கூடிய வேலையோடு தலைப்பு பொருந்தும்.

கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்குள் அடங்காவிட்டால் அங்கே இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. ஒன்றை அடுத்தவருக்கு விட்டுவிடுங்கள்.

2. அணுகுமுறை: பெரிய பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்

பாடப்புத்தகத்தில் ஐந்து பெயர்கள் வரும். ஒருவர் வாழ்ந்து உணர்ந்ததை உள்ளிருந்து புரிந்துகொள்வது வாழ்வனுபவ ஆய்வு. ஒரு கூட்டத்தோடு நீண்ட காலம் இருந்து அதன் நடைமுறையை எழுதுவது இனவரைவியல். ஒரே இடம், ஒரே நிகழ்வு அல்லது ஒரே அமைப்பை எல்லாப் பக்கமும் பார்ப்பது நேர்வு ஆய்வு. ஒருவர் தன் கதையைச் சொல்லும் விதத்தையே ஆராய்வது எடுத்துரைப்பு ஆய்வு. களத் தரவிலிருந்து ஒரு கோட்பாட்டையே கட்டுவது கிரவுண்டட் தியரி. 1967-இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்தது.

கடைசிப் பெயருக்கு ஒரு மவுசு உண்டு. "கிரவுண்டட் தியரி செய்தேன்" என்று எழுதிவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. அதில் முதல் சில நேர்காணல்களை ஆராய்ந்து, அது காட்டும் திசையில்தான் அடுத்த ஆளைத் தேட வேண்டும். ஆட்களை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுப் போனால் அந்தப் பெயரை வைக்க முடியாது.

நான்கு மாத முதுகலை ஆய்வு என்றால் என் யோசனை எளியது: நேர்காணலும் உற்றுநோக்கலும் வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வு, கருப்பொருள் பகுப்பாய்வு முறையில் (பலர் பேச்சிலும் திரும்ப வரும் பொருளைத் தேடித் தொகுப்பது). செய்ததைச் செய்தபடி சொல்லும் பெயர் அது.

3. களத்துக்கு முன்: அனுமதி, ஒப்புதல், காலண்டர்

காலண்டரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் களம் உங்களுக்காகக் காத்திருக்காது. தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது என்றால் கல்லூரி அறநெறிக் குழுவின் அனுமதிக்கு ஜனவரியிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். குழு எப்போது கூடும் என்பதை முதலில் விசாரியுங்கள். உடல்நலம் சார்ந்த தலைப்பு என்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளையும் பார்த்துவிடுங்கள். சமூக, நடத்தை ஆய்வுகளுக்கென்று அதில் தனிப் பகுதி இருக்கிறது.

கல்லூரி அனுமதி ஒன்று, ஊர் அனுமதி இன்னொன்று. மீனவர் குப்பங்களில் ஊர்ப் பெரியவர்களிடம், பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் வீடு வீடாகப் போனால் இரண்டாம் நாளே கேள்வி வரும். அவர்களைப் பார்த்து நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் யாரிடம் பேசுவது என்பதை அவர்கள் கையில் விட்டுவிடாதீர்கள். விட்டால் அவர்களுக்கு வேண்டிய நாலு பேரே திரும்பத் திரும்ப வருவார்கள்.

ஒப்புதல் படிவம் வட சென்னையில் தனிப் பாடம். குடியிருப்பைக் காலி செய்து தொலைவில் கொண்டுபோய் விட்ட அனுபவம் பல தெருக்களுக்கு உண்டு. நோட்டுப் புத்தகத்தோடு வருபவர் கணக்கெடுக்க வந்தவர் என்றே நினைப்பார்கள். கையெழுத்துக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அதனால் படிவத்தை நீட்டும் முன் அதில் இருப்பதை வாயால் சொல்லுங்கள். என்ன படிக்கிறீர்கள், பேச்சு எங்கே போகும், பெயர் வராது, பிடிக்காவிட்டால் நடுவிலேயே நிறுத்தலாம், பதில் சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. அறநெறிக் குழு அனுமதித்தால் கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவில் வாங்கலாம். இதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள். "இது மூலமா கவர்மெண்ட்ல உதவி வரும்" என்று ஒரு வார்த்தை விட்டால் வாசல் திறக்கும் என்பது உண்மைதான். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் பதில் எல்லாமே மனுவாக மாறியிருக்கும்.

4. கருவி: பேசுவதா, கூட்டுவதா, பார்ப்பதா

ஒருவரின் கடன், குடும்பம், அவமானம் பற்றித் தெரிய வேண்டுமானால் தனி நேர்காணல். ஒரு தெருவில் எது வழக்கம், எது தப்பு என்று தெரிய வேண்டுமானால் ஆறிலிருந்து பத்துப் பேர் கொண்ட குழுக் கலந்துரையாடல். சொல்வதும் செய்வதும் ஒன்றா என்று தெரிய வேண்டுமானால் உற்றுநோக்கல்.

புதியவர்கள் குழுவைத் தேர்ந்தெடுப்பது நேரம் மிச்சம் என்று நினைத்து. "பத்துப் பேர் ஒரே நேரத்தில் கிடைச்சுட்டாங்க" என்பார்கள். கிடைத்தது பத்துப் பேர் இல்லை, ஒரு குழு. ஏலத்தில் மொத்தமாக எடுக்கும் பெண்ணையும் அவரிடம் சில்லறையாக வாங்கிக் கூடையில் சுமப்பவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் இரண்டாமவர் கடைசிவரை தலையாட்டிக்கொண்டுதான் இருப்பார். அவருடைய நாளைய சரக்கு முன்னவர் கையில் இருக்கிறது. கடனைப் பற்றிய கேள்வியைக் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள்.

நம் எடுத்துக்காட்டுக்குத் தனி நேர்காணல் முதன்மை, உற்றுநோக்கல் துணை. இரண்டு கருவி போதும்.

5. யாரிடம், எத்தனை பேரிடம்

இங்கே சீட்டுக் குலுக்குவது கிடையாது. கேள்விக்குப் பொருந்திய அனுபவம் உள்ளவரை நோக்கத்தோடு தேடிப் போகிறோம். அதை நோக்கமுறைத் தேர்வு என்பார்கள். தேடும் முன் வேறுபாடுகளைத் தாளில் எழுதுங்கள்: கூடையில் சுமந்து தெருத்தெருவாகப் போகிறவர், நடைபாதையில் கடை போடுகிறவர், கருவாடு விற்பவர், மீன் வெட்டிக் கொடுத்துக் கூலி வாங்குபவர். வீட்டில் கடலுக்குப் போகும் ஆண் இருப்பவர், இல்லாதவர். இந்தக் கடைசி வேறுபாடு பெரியது. கடலுக்குப் போகிறவர் இல்லாத வீட்டின் தடைக்காலமும் இருக்கிற வீட்டின் தடைக்காலமும் ஒன்றாக இருக்காது.

ஒருவர் அடுத்தவரைக் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்டப் போவது பனிப்பந்து முறை. எளிது, ஆனால் ஒரே தெருவில் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். அக்கா காட்டுவது அக்காவுக்குச் சண்டை இல்லாதவரைத்தான். குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்குங்கள். காசிமேட்டில் ஒருவர், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் விற்பவர் ஒருவர், திருவொற்றியூரில் ஒருவர் என்று.

எத்தனை பேர் என்று கைடு கேட்பார். புதிதாக எதுவும் வராமல் அதே விஷயங்கள் திரும்பிவரும் நிலையை நிறைவுநிலை என்கிறோம். 2006-இல் கெஸ்டும் உடன் ஆய்வாளர்களும் கானா, நைஜீரியா பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைப் பிரித்துப் பார்த்தபோது முதல் 12-க்குள்ளேயே நிறைவு வந்திருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் 12 என்று எழுதுகிறார்கள். அங்கே ஆட்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள், கேள்வியும் குறுகியது என்பதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பட்டியலில் நாலு வகைப் பெண்கள் இருந்தால் 12 என்பது வகைக்கு மூன்றுதான். சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) "12 முதல் 16, நிறைவுநிலையைப் பொறுத்து" என்று எழுதுங்கள்.

6. கேள்விப் பட்டியல்

ஏழெட்டுக் கேள்வி போதும். 30 கேள்வி எழுதினால் அது படிவம். நீங்கள் அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் சொல்வது காதில் விழாது.

எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போங்கள். முதல் கேள்வி அவருக்கு நன்றாகத் தெரிந்ததாக, பெருமையாகச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்: "காலையில எத்தனை மணிக்கு ஏலத்துக்குப் போவீங்க? அங்கிருந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகும்?" கடன் பற்றிய கேள்வி நடுவுக்குப் பிறகு. கடைசிக் கேள்வி மீண்டும் லேசானதாக இருக்க வேண்டும், அழுதுகொண்டிருப்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வரக் கூடாது.

சொற்களைப் பாருங்கள். "தடைக்காலத்தில் உங்கள் வாழ்வாதாரம் சந்திக்கும் சவால்கள் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டதை நேரில் பார்த்தேன். அந்த ஆயா சற்று யோசித்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். பொழப்பு என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார். கேள்வியை ஏட்டில் எழுதிய பிறகு வீட்டில் யாரிடமாவது சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். வாயில் புரளாத சொல் தானாகத் தெரியும்.

பதிலை உள்ளே வைத்துக் கேட்காதீர்கள். "தண்டல்காரர் ரொம்பத் தொல்லை கொடுப்பார் இல்லையா?" என்று, வட்டிக்குக் கொடுத்து அன்றாடம் வசூலிப்பவரைப் பற்றிக் கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "போன தடைக்காலத்தில கையில காசு இல்லாத ஒரு நாளைச் சொல்லுங்க, அன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். "பொதுவாக" என்று கேட்டால் பொதுவான பதில் வரும். ஒரு நாளைக் கேட்டால் அந்த நாள் வரும்.

துணைக் கேள்விகளை ஓரத்தில் எழுதி வைக்கலாம். உண்மையில் எனக்கு அதிகம் பயன்பட்டவை மூன்றுதான்: "அப்புறம்?", "அது எப்படி?", பிறகு வாயை மூடிக்கொண்டு ஐந்து விநாடி உட்கார்ந்திருப்பது. மூன்றாவதைப் பழகத்தான் நாளாகும்.

7. களத்தில்

முதல் இரண்டு முறை பேசப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். காசிமேட்டில் ஏலம் விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் பாதி அங்கேதான் நிற்கும். அப்போது யாரையும் பேச்சுக்கு இழுத்தால் அவருடைய போனியைக் கெடுக்கிறீர்கள். ஓரமாக நின்று, யார் யாரிடம் வாங்குகிறார், கூறு எப்படிப் பிரிகிறது, பணம் அப்போதே கைமாறுகிறதா அல்லது கணக்கில் போகிறதா என்று பாருங்கள். பின்னால் கேட்கப்போகும் நல்ல கேள்விகள் இங்கேதான் கிடைக்கும்.

பேச்சுக்கு அவர் சொல்லும் நேரம், அவர் சொல்லும் இடம். விற்று முடித்து வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு பெரும்பாலும் சரியாக வரும். பக்கத்தில் மகன், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் கடன் கேள்வியை அன்று விட்டுவிடுங்கள்.

ஒலிப்பதிவு: கிளம்பும் முன் போனில் இடம் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றதைக் கவனிக்காமல் முக்கால் மணி நேரம் பேசியவரைத் தெரியும். மின்விசிறிக்குக் கீழே போனை வைக்காதீர்கள். எண்ணூர் விரைவுச்சாலைக்குப் பக்கத்து வீடு என்றால் கண்டெய்னர் லாரிச் சத்தத்தில் பாதி போய்விடும், உள்ளறையில் உட்காருங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

பதிவை நிறுத்திய பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வார்கள் ஒன்று. பல நேரம் அதுதான் விஷயம். "அதையும் எழுதிக்கலாமா அக்கா?" என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அன்றிரவே களக்குறிப்பு எழுதியாக வேண்டும். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. "சோகமாக இருந்தார்" என்பது வலப்பக்கம். "கேள்வி கேட்டதும் முந்தானையை விரலில் சுற்றினார், அடுப்பைப் பார்த்தார்" என்பது இடப்பக்கம். பிரிக்காமல் எழுதினால் மூன்று மாதம் கழித்து எது அவருடையது, எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது.

8. இரண்டு நேர்காணலோடு நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

இரண்டு நேர்காணல் முடிந்ததும் மூன்றாவதற்குப் போகாதீர்கள். ஒரு வாரம் உட்கார்ந்து அந்த இரண்டையும் முழுக்க எழுத்தில் கொண்டுவந்து, படித்து, கேள்விப் பட்டியலைத் திருத்திவிட்டுப் போங்கள்.

காரணத்தை என் தப்பிலிருந்து சொல்கிறேன். என் முதல் ஆய்வு கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது. 14 நேர்காணல் எடுத்தேன். எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றே எல்லாரிடமும் கேட்டேன். எல்லாம் முடிந்து முதல் பதிவை எழுத உட்கார்ந்தபோது ஒரு வரி வந்தது: "கொடத்த வச்சிட்டு வேலைக்குப் பூடுவேன், அவ பாத்துப்பா." யார் அந்த அவள்? ஏன் பார்த்துக்கொள்கிறாள்? அதற்கு இவர் திருப்பி என்ன செய்கிறார்? குடம் நகர்த்தப்பட்டுவிட்டால் யாரோடு சண்டை? நான் கேட்கவே இல்லை. அடுத்த பதிவுகளிலும் அதே குடம், அதே "அவ". பதினான்கு பேரும் எனக்கு எடுத்துக் கொடுத்தார்கள், பதினான்கு முறையும் "சரிக்கா, அடுத்த கேள்வி" என்று தாண்டியிருக்கிறேன். திரும்பப் போகக் காலம் இல்லை. அந்த ஆய்வு காத்திருப்பு நேரத்தைப் பற்றிய சுமாரான ஒன்றாக முடிந்தது.

பேசும்போது நம் காது கேள்விப் பட்டியலில் இருக்கிறது. எழுதும்போதுதான் அவர் வாய்க்கு வருகிறது. பண்புசார் ஆய்வில் தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் ஒன்றின் பின் ஒன்றாக வருவதில்லை, இரண்டும் கைகோத்து நடக்க வேண்டும் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

அதன்பிறகு மூன்று நேர்காணலுக்கு ஒருமுறை இப்படி நில்லுங்கள். பட்டியலில் என்ன மாற்றினீர்கள், ஏன் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டு பத்தாம் படியில் உங்களைக் காப்பாற்றும்.

9. எழுத்தாக்கம், கோடிங்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். மீன் சந்தைப் பின்னணியில், இரண்டு பேர் சேர்ந்து பேசியிருந்தால் இன்னும் கூடும். குரலை எழுத்தாக்கும் செயலிகள் செய்தி வாசிப்பவரின் தமிழை ஓரளவு பிடிக்கும், நம்மூர்த் தமிழில் தடுக்கி விழும். இலவச இணையதளங்களில் பதிவை ஏற்றுவதற்கு முன், வெளியே போகாது என்று நீங்கள் கொடுத்த வாக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். "கீது" என்றால் கீது. "இருக்கிறது" என்று திருத்தினால் பேசியவர் போய்விடுவார், நீங்கள்தான் மிஞ்சுவீர்கள். சிரிப்பு, நீண்ட மௌனம், அழுகை எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் கோடிங்கைத் தமிழ்ப் படியிலேயே செய்யுங்கள். மேற்கோளாக எடுப்பதை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். முழுவதையும் மொழிபெயர்த்துவிட்டுத் தொடங்கினால் கைமாத்து, தண்டல், வட்டிக்காசு மூன்றும் "லோன்" என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழும். மூன்றும் மூன்று உறவு.

இனி கோடிங். மீனைக் கூறு கட்டுவது போல, பேச்சைச் சிறு சிறு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதன் பொருளைச் சொல்லும் சின்னப் பெயர் வைப்பது. அந்தப் பெயர்தான் கோடு. ஒரு மாதிரி (லாஞ்சு என்றால் விசைப்படகு, பைபர் போட்டு என்றால் சிறிய ஃபைபர் படகு):

"லாஞ்சு கடலுக்குப் போவாது. பைபர் போட்டு மீனு மட்டும்தான் வரும். அது வெல ஏறிப்பூடும், நம்ம கைக்கு அடங்காது. அப்போ இன்னா பண்றது? எதிர்வூட்டு அக்காகிட்ட கைமாத்து வாங்கி கருவாடு வாங்கிப் போட்டேன். அவங்க கேக்க மாட்டாங்க. தண்டல்காரன்தான் காலைல வந்து நிப்பான்."

புதியவர் இதன் ஓரத்தில் "பொருளாதாரச் சிக்கல்", "கடன்" என்று எழுதுவார். இந்த இரண்டு பெயரையும் எந்த ஊர், எந்த ஏழையின் பேச்சுக்கும் ஒட்டலாம், அதனால் பயனில்லை. நான் இப்படி வைப்பேன்: விலை கைக்கு அடங்காமை, சரக்கை மாற்றிக்கொள்ளுதல், கேட்காத கடன், வந்து நிற்கும் கடன். கடைசி இரண்டும் அவர் வாயிலிருந்தே வந்தவை. அவர் கடனை வட்டியால் பிரிக்கவில்லை, கொடுத்தவர் கேட்கிறாரா, கேட்காமல் இருக்கிறாரா என்று பிரிக்கிறார். பொதுப்பெயர் வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இதே கோடு மற்றவர்களின் பேச்சிலும் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் நெருங்கிய கோடுகளைச் சேர்த்துக் கருப்பொருள் ஆக்குங்கள். கருப்பொருள் ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது நான் விடாமல் பிடிக்கும் விதி. "கடன்" என்பது தலைப்பு. "யார் வந்து நிற்கிறார் என்பதைப் பார்த்தே எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்கிறார்கள்" என்பது கருப்பொருள். அதை மறுக்க முடியும், எதிர்ச் சான்று தேட முடியும். தலைப்பை யாரும் மறுக்க முடியாது, அதனால் அது எதையும் சொல்லவில்லை.

பிரவுனும் கிளார்க்கும் 2006-இல் இந்த முறையை ஆறு கட்டமாகச் சொன்னார்கள்: தரவோடு பழகுதல், கோடிங், கருப்பொருள் தேடல், சரிபார்த்தல், பெயரிடல், எழுதுதல். மாணவர்கள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள். பேனாவை எடுக்கும் முன் எல்லா நேர்காணல்களின் எழுத்துப் படிகளையும் இரண்டு முறையாவது முழுக்கப் படியுங்கள்.

மென்பொருள் வேண்டுமா என்று கேட்பார்கள். என்விவோ, அட்லஸ்.டிஐ இரண்டும் காசுக்கு. டாகெட், குவால்கோடர் இலவசம். 12 நேர்காணலுக்கு நாலு நிறப் பேனாவும் ஒரு எக்செல் தாளும் போதும். மென்பொருள் துண்டுகளை அடுக்கி வைக்கும். பெயர் வைப்பது உங்கள் வேலை.

10. நம்பலாமா என்று கேட்டால்

வைவாவில் வரும் முதல் கேள்வி இதுதான். லிங்கனும் கூபாவும் 1985-இல் நான்கு அளவுகோல்களை வைத்தார்கள்: நம்பகம், வேறிடத்துக்குப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு, சீர்மை, சான்றால் உறுதிப்படுத்தும் தன்மை. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட நான்கு வேலை செய்யுங்கள்.

நேர்காணலில் கேட்டதை உற்றுநோக்கலோடு ஒப்பிடுங்கள். உங்கள் கருப்பொருளுக்கு எதிராகப் பேசுபவரைத் தேடிப்போய்க் கண்டுபிடியுங்கள். வந்து நிற்கும் தண்டல்காரரே பரவாயில்லை, உறவுக்காரர்தான் சொல்லிக் காட்டுவார் என்று ஒருவர் சொன்னால், அவரை மறைக்காமல் அறிக்கையில் கொண்டுவாருங்கள். எட்டாம் படியில் சொன்ன நோட்டை பின்னிணைப்பாக வையுங்கள். கண்டதைப் பேசியவர்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

கடைசி வேலையில் ஒரு சிக்கல் உண்டு. "நான் எழுதினது சரியாக்கா?" என்று கேட்டால் "கரெக்ட்டு தம்பி" என்பார்கள், பிள்ளை மனசு நோகக் கூடாதென்று. அதற்குப் பதில், "ஒருத்தர் இப்படிச் சொன்னாங்க, இன்னொருத்தர் அப்படிச் சொன்னாங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். சண்டைக்கு வருவார்கள். அதுதான் வேண்டும்.

11. அறிக்கை

பத்துப் பேரிடம் பேசிவிட்டு "70 சதவீதத்தினர்" என்று எழுதாதீர்கள். ஏழு பேர் என்பது ஏழு பேர்தான். அதற்கு மேல் எண்ணுக்கு இங்கே பலம் கிடையாது.

ஒவ்வொரு கருப்பொருளுக்கும் முதலில் உங்கள் வாதம், பிறகு ஒரு மேற்கோள், பிறகு அந்த மேற்கோளில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்ற விளக்கம். மேற்கோள்களை வரிசையாக அடுக்கிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவது அதிகம் நடக்கும் பிழை. அது தரவு, பகுப்பாய்வு இன்னும் தொடங்கவில்லை.

நீங்கள் யார் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். ஆணா பெண்ணா, அந்தத் தெருவைச் சேர்ந்தவரா, என்ன சாதி வர்க்கப் பின்னணி, இவை பேச்சை எங்கே திறந்தன, எங்கே மூடின என்று. ஊர்க்காரராக இருந்தால் எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். "உனக்குத் தெரியாததா?" என்று அவர்கள் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கும்.

நேர்காணல், குழு ஆய்வுகளுக்கு 2007-இல் வந்த கோரெக் என்ற 32 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. எழுதி முடித்தபின் அதை வைத்து டிக் அடித்துப் பாருங்கள், விட்டுப்போனது தெரியும்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. "அந்த முனையில் நண்டு மட்டும் விற்கும் ஒரே கைம்பெண்" என்று எழுதினால் காசிமேட்டில் யாருக்கும் பெயர் தேவையில்லை. விவரங்களைக் கலைத்துப் போடுங்கள், தேவையில்லாததை நீக்குங்கள். முக்கியமாக, யாரிடம் யார் கடன்பட்டிருக்கிறார் என்று வாசிப்பவர் கணிக்க முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவுகளை எத்தனை மாதம் வைத்திருப்பதாக ஒப்புதலில் சொன்னீர்களோ, அந்தத் தேதியைப் போனில் அலாரமாகப் போட்டுவையுங்கள். போனில் அழிப்பது போதாது. மெயிலில் கைடுக்கு அனுப்பியது, நண்பரின் லேப்டாப்பில் ஏற்றியது, கிளவுடில் தானாகச் சேர்ந்தது என்று எல்லா இடத்திலும் அழிக்க வேண்டும்.